மாதிரி ஆல்பத்து மாப்பிள்ளை

போன மாதம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கிறவள். அவள் எடுத்த மணப்பெண்கள் எல்லாரும் அவள் போனுக்குள்ளேயே குடியிருந்தார்கள். விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொருத்தியாக வந்து சிரித்துவிட்டுப் போனாள். எல்லாம் இன்டர்நெட்டில் ஊர் உலகம் பார்க்கக் கிடக்கிறதாம். காட்டி முடித்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க இவ்வளவு வருஷம் இந்த ஹைதராபாத்துல கல்யாணம் எடுத்திருக்கீங்க. உங்க ஒர்க் காட்டுங்களேன்" என்றாள்.

நான் உள்ளே போய் ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்து வந்தேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவள் மரியாதையாகப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை நல்லா இருக்காரே. உங்க தம்பியா ஆன்ட்டி? உங்க ஜாடை தெரியுது."

"ஜாடை இல்லம்மா, நானே தான்."

குடித்துக்கொண்டிருந்த டீ அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். மூச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏன்?" என்பது. அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துப் பொழுது போய்விட்டது. சொன்னதை எழுதியும் வைத்தால் என்ன என்று தோன்றியது.

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி ஹைதராபாத் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு சனத்நகரில் ஒரு என்ஜினியரிங் கம்பெனியில் லேத் வேலை. எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு தெலுங்கு அம்மாவிடம் போட்டோ தொழில் கற்றேன். முதலில் கூட்டிப் பெருக்கினேன், பிறகு லைட் பிடித்தேன், பிறகு பாஸ்போர்ட் போட்டோ எடுத்தேன். அந்த வருஷங்களைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் நாம் விடக்கூடாது. எனக்கோ சிரிக்கிற முகங்களை எடுக்க ஆசை.

இரண்டாயிரம் பிறப்பதற்குச் சற்று முன்பு, மெஹதிப்பட்டணத்தில் ரஜியா ஆபா என்பவர் லேடீஸ் போட்டோ யூனிட் நடத்துவதாகவும், ஆள் தேடுவதாகவும் கேள்விப்பட்டுப் போனேன். அங்கே முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் தனி. அந்தப் பக்கம் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. போட்டோ எடுப்பதும், லைட் பிடிப்பதும், வீடியோ எடுப்பதும் பெண்களே. ஆபா யூனிட் அந்த வட்டாரத்தில் பேர்பெற்றது.

ஆபா என்றால் அக்கா. ஆள் குள்ளம். தும்பைப்பூப் போல வெள்ளைத் துப்பட்டா, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. பேசுவது தக்கனி உருது. நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், 'நக்கோ' என்ற ஒரு சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். 'வேண்டாம்' என்று போட்டால் அதன் வேகத்தில் பாதி போய்விடும். ஆபா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். சாதாரண நாளில் நான் 'கோமதி'. 'கோமதி ஜீ' என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. 'கோமதி ஜீ, தயவுசெய்து' என்று ஆரம்பித்தால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

நேர்முகத்துக்குப் போன எனக்கு லென்ஸ், பிலிம் பற்றியெல்லாம் கேட்பார் என்று பயம். ஆபா கேட்டது ஒன்றே ஒன்று.

"கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்குப் போறே. உன் புருஷன் 'பொண்ணு எப்படி இருந்தா'ன்னு கேக்கறான். என்ன சொல்லுவே?"

"பிரியாணி நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன்" என்றேன்.

மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அவர் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனதும் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டீ குடிக்கவேண்டும். அந்த வீட்டில் சொல் செல்லுபடியாகிற அம்மா யாரோ, அவரே வந்து "எடுங்கம்மா" என்று சொன்ன பிறகுதான் பையைத் திறக்கலாம். அதற்குள் ஆபா தெருவுக்குப் போய், எதிர்ப்பக்கம் நின்று, ஜன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோ உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். தெரிந்தால் ஊசியும் துணியும் அவர் கைப்பையில் தயாராக இருக்கும்.

போட்டோவில் வர விருப்பமில்லாத பெண்களும் இருப்பார்கள். அவர்கள் மணிக்கட்டில் ஆபா ஒரு பச்சை ரிப்பன் கட்டிவிடுவார். இருநூறு பெண்கள் ஆடிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கிற கூடத்தில், பச்சை ரிப்பன் ஒன்றுகூட உள்ளே வராமல் சட்டகம் கட்டிப் பாருங்கள், தெரியும் சேதி. நான் கற்ற போட்டோக்கலை முழுவதும் அந்த ரிப்பன் போட்ட பிச்சை.

எடுத்து முடித்த ரோல்கள் ஒரு துணிப்பைக்குள் போகும். பெண்ணின் அம்மா தன் கையால் முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சு ஆபிட்ஸில் இருந்த கலர் லேபில்தான் அவிழும். நாங்கள் போகிற அன்றைக்கு மிஷின் ஓட்டும் ஆண்கள் எல்லாரும் வெளியே போய்விட, முதலாளியின் தங்கை மிஷினில் உட்காருவாள். கண்ணாடிக் கதவில் செய்தித்தாள் ஒட்டப்படும். பிரிண்டுகள் ஒவ்வொன்றாகச் சூடாக வந்து தட்டில் விழும்போது நான் பார்ப்பேன், அவ்வளவுதான். சரியாக வராத பிரிண்டை ஆபா கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்குவார். மிச்சமும் நெகட்டிவும் அதே பைக்குள் போய், பெண்வீட்டு அலமாரிக்குப் போய்ச் சேரும். நான் எடுத்த படத்தை நான் பார்த்த நேரம், அது தட்டில் கிடந்த நேரம் மட்டுமே.

உள்ளே என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், திரைக்குப் பின்னால் பெண்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். நான் இவ்வளவுதான் சொல்வேன், அந்தக் கூடங்களில் சிரித்ததுபோல் நான் வேறெங்கும் சிரித்ததில்லை. மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டுகிறவர்கள் என்ன, சம்பந்தியை வைத்துப் பாட்டுக் கட்டுகிறவர்கள் என்ன. ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் மனைவி ஒருநாள் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு செய்த கூத்தை எழுதக் கை துடிக்கிறது. எழுத மாட்டேன்.

இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வருகிற வாடிக்கையாளர், "நீங்க எடுத்ததைக் காட்டுங்க" என்பார். ஒரு வீட்டுப் பெண்ணின் படத்தை இன்னொரு வீட்டாருக்குக் காட்டவே முடியாது. காட்டினால், "நாளைக்கு எம்பொண்ணு போட்டோவையும் இப்படித்தானே காட்டுவே" என்று எழுந்து போய்விடுவார்கள். காட்டாவிட்டால், "ஒண்ணும் தெரியாது போல" என்று எழுந்து போய்விடுவார்கள். அதற்கு ஆபா கண்டுபிடித்த வழிதான் மாதிரி ஆல்பம். யூனிட்டில் இருக்கும் நாங்களே வேஷம் கட்டி, மஞ்சள் பூசுவதிலிருந்து விருந்துவரை ஒரு முழுக் கல்யாணத்தையும் நடத்தி, நாங்களே படம் எடுத்துக்கொண்டோம். வீடியோ எடுக்கும் சாரதா மாமியார். லைட் பிடிக்கும் நசீம் மணப்பெண்ணின் தோழி. நான் மணப்பெண்.

கடா துப்பட்டா என்பது அந்த ஊர் மணப்பெண்களின் உடுப்பு. நெற்றியோரம் ஒரு பக்கமாகச் சரியும் ஜூமர், கழுத்து நிறைய முத்து. எல்லாம் இரவல், எல்லாம் கனம். எனக்கு அதில் என்னைப் பார்க்க ரொம்பப் பிடித்தது. என் கல்யாணத்தில் எனக்கு இவ்வளவு நகை கிடையாது.

ஆல்பம் வந்த கொஞ்ச நாளில் புகார் ஆரம்பித்தது. புரட்டிப் பார்க்கிற பெண்மணிகள் ஆபா பக்கம் சாய்ந்து, "உங்க கேமராவுல எல்லாரும் இப்படிக் கருப்பாத்தான் விழுவாங்களா?" என்று கேட்டார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்துமா கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவள்தான் படத்தில் இருப்பவள் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. நான் கருப்பு, நல்ல கரிசல் மண் கருப்பு. ஆபா மூன்று நான்கு பேரிடம் பொறுமையாகச் சமாளித்துப் பார்த்தார். ஐந்தாவது ஆள் முன்பணம் தராமல் போனதும், ஆல்பத்தைத் திரும்ப எடுத்தோம். சிவப்பான நசீம் மணப்பெண் ஆனாள். எனக்கு என்ன வேஷம்?

அந்தக் கல்யாணங்களில் கண்ணாடிச் சடங்கு ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் எதிரெதிரே உட்காரவைத்து, தலைக்குமேல் துப்பட்டாவைப் பந்தலாகப் பிடித்து, நடுவில் கண்ணாடி வைப்பார்கள். அவன் அவள் முகத்தை முதலில் கண்ணாடியில்தான் பார்க்கவேண்டும். எங்கள் தொழிலில் கஷ்டமான படம் அதுதான். பிளாஷ் நேரே அடித்தால் கண்ணாடியில் வெள்ளைக்குண்டு வெடிக்கும். பக்கத்தில் ஒருத்தி வெள்ளைப் போர்வை பிடிக்க, வெளிச்சத்தை அதில் பட்டுத் திரும்பி வரச் செய்யவேண்டும். போகஸ் இன்னொரு வம்பு. கண்ணாடிச் சட்டத்துக்கு வைத்தால் முகம் மங்கும். கேமராவிலிருந்து கண்ணாடி எவ்வளவு தூரமோ, அதோடு கண்ணாடியிலிருந்து முகம் இருக்கும் தூரத்தையும் கூட்டி வைக்கவேண்டும். இந்த ஒரு படம் நன்றாக இருந்தால் மற்றதைப் பார்க்காமலே முன்பணம் தருவார்கள். மாப்பிள்ளை இல்லாமல் அதை எடுக்க முடியாது, யூனிட்டுக்குள் ஆணைக் கூட்டிவரவும் முடியாது. நான்கு பேரில் உயரம் நான்தான். ஷெர்வானி மாட்டினார்கள், தலைப்பாகை கட்டினார்கள், முகத்துக்குமேல் பூச்சரத்தைத் தொங்கவிட்டு நடுவே விலக்கினார்கள். புருவ மையால் ஆபாவே எனக்கு மீசை வரைந்தார்.

படத்தை எடுத்ததும் நான்தான். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, எல்லாம் சரிபார்த்து, ரப்பர் குழாய் ஒன்றை அதில் மாட்டினேன். அதன் முனையில் ஒரு பந்து இருக்கும், அமுக்கினால் கிளிக் ஆகும். பந்து என் தொடைக்கடியில். பெண்ணைக் கண்ணாடியில் பார்க்கிற பார்வையும் வரவேண்டும், சரியான நேரத்தில் தொடையையும் அமுக்கவேண்டும்.

படம் பிரமாதமாக வந்தது. எங்கள் சீசன் களைகட்டியது. ஒருநாள் டோலிசௌக்கியிலிருந்து ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்கு எங்களை அமர்த்த வந்தார். கண்ணாடிப் படத்தில் கை நின்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இந்தப் பையன் யாரு? நல்ல உசரம். என் சின்னப் பொண்ணுக்குப் பாத்துட்டிருக்கோம். கல்யாணம் நெஜமா ஆயிடுச்சா, இல்ல படத்துக்குத்தானா?"

"படத்துக்குத்தான்" என்றார் ஆபா.

"நெறம் கம்மிதான். ஆம்பளைக்கு எதுக்கு நெறம்? மொகம் லட்சணமா இருக்கு. என்ன வேலை பாக்கறான்? சாஃப்ட்வேரா?"

ஆபா முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "போட்டோ எடுக்கற வேலை."

"ஐயோ, நக்கோ!" என்று அந்த அம்மா பக்கத்தைத் திருப்பிவிட்டார். நிறத்தில் பாஸாகி உத்தியோகத்தில் பெயிலாகிவிட்டேன். நசீம் பின்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

இப்படியே வருஷங்கள் ஓடின. எங்கள் வீட்டில் என் வேலையை யாரும் கண்ணால் கண்டதில்லை. என் வீட்டுக்காரர், "ஏட்டி, நெசமாவே போட்டோதான் எடுக்கியா, இல்ல சமையலுக்குப் போறியா? மேலெல்லாம் பிரியாணி வாசம்தான் வருது" என்பார். என் மகன் தெலுங்கிலேயே, "அம்மா போட்டோ தீஸ்துந்தி, கானி போட்டோ லேது" என்று அதை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடுவான். அம்மா போட்டோ எடுப்பாள், ஆனால் போட்டோ கிடையாது. நான் சிரித்து மழுப்புவேன். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது. சமையல்காரியாக இருந்தாலாவது சாப்பிட்டவர்கள் ஏப்பம் விட்டிருப்பார்கள்.

கொண்டாப்பூர் பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்து, எல்லார் போனிலும் கேமரா வந்துவிட்ட சமயத்தில் நிவேதா வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு பஞ்சாரா ஹில்ஸில் ஓர் ஓவிய காலரியில் கண்காட்சிகள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். பழைய ஆபீஸ் தோழி ஒருத்திக்குக் கல்யாணம். எங்களை அமர்த்த வந்தவளோடு துணைக்கு வந்தாள். தோழி ஆபாவிடம் தேதி பேசிக்கொண்டிருக்க, இவள் மாதிரி ஆல்பத்தைப் புரட்டினாள். புரட்டினாள், திரும்ப முதலிலிருந்து புரட்டினாள்.

"அக்கா, இது யாரோட ப்ராஜெக்ட்?"

"ப்ராஜெக்டா? மாதிரி ஆல்பம்மா."

"ஆர்ட்டிஸ்ட் யாரு?"

"அப்படியெல்லாம் யாரும் இல்ல. நான்தான் எடுத்தேன். அதுல உக்காந்திருக்கதும் நான்தான்."

அவள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் பெரிதாகிவிட்டது. "அக்கா! ஒரு தமிழ் இந்துப் பொண்ணு, முஸ்லிம் மணப்பொண்ணா வேஷம் போட்டு, அப்புறம் ஆம்பளையா வேஷம் போட்டு, தன்னைத்தானே படம் எடுத்திருக்கீங்க. பெண்ணுன்னா என்ன, ஆணுன்னா என்னன்னு கேள்வி கேக்கறீங்க. கரெக்டா?"

"நான் யாரையும் ஒண்ணும் கேக்கலையேம்மா. எங்க நாலு பேர்ல நான்தான் உசரம்."

"இந்த மாப்பிள்ளை முகத்துல ஒரு இறுக்கம் இருக்கே. ஆண்மைங்கற வேஷத்தோட பாரம்தானே அது?"

"அது தொடைக்கு அடியில இருந்த ரப்பர் பந்தும்மா."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரித்தாள். ஆனால் விடவில்லை. பெண் வேஷத்தில் நான் இருந்த பழைய படங்கள் எங்கே என்று கேட்டாள். அலமாரி அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், ஏன் மாற்றினோம் என்பதையும், டோலிசௌக்கி அம்மா கதையையும் சொன்னேன். வழக்கமாக எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிற கதை. அவள் பெண் வேஷப் படத்தையும் மாப்பிள்ளைப் படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரே முகம்தானே அக்கா. பொண்ணா இருந்தப்போ கேமரா ரிப்பேர்னு சொன்னாங்க. பையனா இருந்தப்போ லட்சணம்னு சொன்னாங்க. இத சுவத்துல மாட்டி வெச்சா யாரும் ஒரு வார்த்தை விளக்க வேண்டாம். எங்க காலரில போடலாம். உங்க பேர்ல."

அன்றைக்குப் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போய் சனத்நகர் நிறுத்தத்தைக் கோட்டை விட்டேன். அத்தனை வருஷமாக அதை ஒரு வேடிக்கையாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பெண் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்ததும் அது வேடிக்கையாக இல்லை. அதைவிட, 'உங்க பேர்ல' என்றாளே, அதுதான் காதிலேயே நின்றது. ஒரே ஒரு முறை, நான் எடுத்த படத்தை நாலு பேர் நின்று பார்க்கவேண்டும். பேராசை என்றால் பேராசைதான்.

ஆபாவிடம் கேட்டேன்.

"நக்கோ" என்றார்.

"ஆபா, யார் வீட்டுப் படமும் இல்ல. நம்ம படம்."

"ரஜியா யூனிட் போட்டோவை பஞ்சாரா ஹில்ஸ்ல சுவத்துல மாட்டியிருக்காங்கன்னு மெஹதிப்பட்டணத்துல ஒருத்தி காதுல விழுந்தாப் போதும். யாரோட போட்டோன்னு எவளும் கேக்க மாட்டா. மறுநாள் நாம கடையை மூடவேண்டியதுதான். நசீமுக்கு ரெண்டு தம்பி. அவ முகத்தைப் பேப்பர்காரன் போட்டுட்டா அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

ஒவ்வொன்றும் நியாயம். நியாயமாக இருந்ததாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. "அப்ப நான் இந்த ஊர்ல போட்டோ எடுத்தேங்கறதுக்கு என்னதான் சாட்சி ஆபா? எம்புள்ளயே நம்ப மாட்டேங்கான்" என்று கத்திவிட்டேன்.

"கோமதி ஜீ" என்றார் ஆபா மெதுவாக.

ஓரமாக உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நசீம்தான் வாயைத் திறந்தாள்.

"எதுக்கு இவ்வளவு சண்டை? நாம்பள்ளி பொருட்காட்சியில ஒரு நாள் லேடீஸுக்கு மட்டும்னு விடறாங்கல்ல, அதே மாதிரி வெச்சா என்ன? பொம்பளைங்க பாத்துட்டுப் போகட்டும். அந்தப் படத்துல நான் ரொம்ப அழகா இருக்கேன். அலமாரிக்குள்ள வெச்சு யாருக்கு லாபம்?"

ஆபா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு நிவேதாவைக் கூப்பிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். கல்யாண வீட்டில் என்ன முறையோ, காலரியிலும் அதே முறை. உள்ளே பெண்கள் மட்டும். போன்கள் வாசலில் ஆபாவின் பைக்குள். பத்திரிகையில் படம் கூடாது. ஒரே நாள்.

நிவேதா சம்மதித்தாள். காலரி முதலாளி சம்மதிக்கவில்லை. அவரை ராவ் சார் என்பார்கள், நல்ல மனுஷர். படம் வாங்குகிறவர்களும் விமர்சனம் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான் என்பது அவர் கவலை. "கலைக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாதும்மா" என்றார்.

"அப்போ பொம்பளைங்க மட்டும் பாத்தா அதுல என்ன சார் குறைஞ்சுடும்?" என்றாள் நிவேதா.

அவர் பதில் யோசித்து முடிப்பதற்குள் ஆபா திரைத்துணியோடு காலரிக்கு வந்துவிட்டார். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று, உள்ளே தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்த இடமெல்லாம் துணி ஏறியது. ராவ் சார் பரிதாபமாக, "இது என் காலரிங்க. நான்கூட உள்ள வரக்கூடாதா?" என்றார்.

"மாப்பிள்ளைன்னா வரலாம் ஜீ" என்றார் ஆபா. "அந்த வேலைக்கு எங்ககிட்ட ஏற்கெனவே ஆள் இருக்கு."

அந்த நாளும் வந்தது. என் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில், கதவு உயரத்துக்குப் பெரிதாக்கித் தொங்கின. கீழே அட்டையில் என் பெயர். மற்றப் படங்கள் சுற்றிலும். முதலில் ஜூபிலி ஹில்ஸ், கொண்டாப்பூர் பெண்கள் வந்தார்கள். தலையைச் சாய்த்து, மோவாயில் கைவைத்து, மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு மெஹதிப்பட்டணமும் மலக்பேட்டும் ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கின. ஆபா தன் பழைய வாடிக்கையாளர் ஒருவரையும் விட்டுவைக்காமல் சொல்லியிருந்தார். திரைக்குள் வந்ததும் பர்தாவைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைப் படத்துக்கு முன்னால் நின்று அவர்கள் போட்ட சிரிப்பில் காலரியே அதிர்ந்தது. டோலிசௌக்கி அம்மாவும் வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நீயா அது! இப்பவாவது சாஃப்ட்வேர் படிச்சியா?"

வெளியே நடைபாதையில் கணவன்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராவ் சார் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் என் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் இருந்தார். ராவ் சாரின் மனைவி உள்ளே போய்விட்டு வந்ததும், "எப்படி இருக்கு?" என்று அவர் ஆவலாகக் கேட்க, அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிவிட்டாராம்.

மதியத்துக்குமேல் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பர்தாவைக் கழற்றினாள், கக்கத்தில் ஒரு மூட்டை. தலையணை உறைக்குள் எதையோ வைத்து முடிச்சுப் போட்டிருந்தாள்.

"இங்க ஆம்பளைங்க யாரும் இல்லன்னு சொன்னாங்க. அதான் எடுத்துட்டு வந்தேன். இதுவும் நீங்க எடுத்ததுதானே?"

முடிச்சை அவிழ்த்து, ஒரு கல்யாண ஆல்பத்தை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். லேபில் சூடாகத் தட்டில் விழுந்ததைப் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் படங்களை நான் பார்த்ததே இல்லை. தலையை ஆட்டினேன்.

அங்கிருந்த பெண்கள் எல்லாரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "என்னோடதும் வீட்ல இருக்கு!" என்றாள். இன்னொருத்தி, "எங்க அக்காவோடதும்!" என்றாள். அவ்வளவுதான், ஆபாவின் பைக்குள்ளிருந்து போன்கள் வெளியே வந்தன, வாசலில் நின்றபடி வீட்டுக்குப் பேசினார்கள். நடைபாதையில் டீ குடித்துக்கொண்டிருந்த கணவன்மார்கள் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் விரட்டப்பட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தலையணை உறையிலும், போர்வையிலும், பழைய துப்பட்டாவிலும் கட்டிய மூட்டைகள் வர ஆரம்பித்தன. திரைக்கு வெளியே நின்று அவற்றை வாங்கி உள்ளே நீட்டும் வேலையை என் வீட்டுக்காரர் தானாகவே எடுத்துக்கொண்டார். முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் உள்ளே நீட்டுவார்.

மேஜை நிறைந்தது. பிறகு தரையில் ஜமுக்காளம் விரித்தார்கள், அதுவும் நிறைந்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். இந்தப் பெண்ணுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து கொடுத்தேன். இவள் அழப்போன நேரத்தில் நசீம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். இந்தக் கூட்டத்தில் ரிப்பன் கட்டியவர்கள் ஆறு பேர் இருந்தார்கள், ஒருத்தியும் உள்ளே வரவில்லை. எல்லாம் ஞாபகம் வந்தது. நடு ஹாலில் நின்று அழுதேன். மாப்பிள்ளை அழுகிறான் என்று யாரோ கேலி செய்தார்கள், அப்போதும் நிறுத்த முடியவில்லை.

ஆபா பக்கத்தில் வந்தார். "இத்தனையில எது நல்ல படம்? நீயே சொல்லு" என்றார்.

நான் சுற்றி வந்து ஓர் ஆல்பத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஆபா வெகுநேரம் பார்த்தார். அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்து, கொஞ்சம் தடவிக் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அந்தப் பெண்ணைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? ஆபா ஆல்பத்தை மூடி, "சரியாத்தான் பாத்திருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மூட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப முடிச்சு விழுந்து வெளியே போயின. நிவேதா வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லையே என்று அவளுக்குத் தாங்கவில்லை. கடைசி மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போய்த் திரையோரம் நின்றேன். அந்தப்பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் கை வந்தது.

"இன்னும் இருக்காட்டி?"

"இதான் கடைசி."

வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை. திரைக்கு அந்தப்பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அம்புட்டும் நீ எடுத்ததா?"

"ஆமா."

மூட்டையைக் கை மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"நல்ல கனமாத்தான் இருக்கு" என்றார்.